ஒன்பதும் இருக்கோ?

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்குவது வழக்கம். இந்த முறை அப்படித் தொடங்கினால் அது பொய். பொய் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். ஆகையால் சுகத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தபால்காரர் படலையடிக்கு வரமுன்னரே உன் ஐயா ஓடிப்போய் வாங்கினார். நின்ற நிலையிலேயே வாசித்தார், மடித்தார், என் கையில் தந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் மூன்று தரம் வாசித்தேன். "அம்மா, ஆவணியிலை கலியாணம் முடியுமட்டும் பொறுங்கோ. உங்கடை கையிலை வந்த உந்தக் கட்டியைப் பற்றிக் கரவெட்டிப் பொம்பிளை வீட்டுக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். இன்னும் இரண்டரை மாதந்தானே" என்று எழுதியிருக்கிறாய். எழுத்து மணிமணியாக இருக்கிறது. கொழும்புக் கந்தோரில் உன்னைக் கிளாக்கராக வைத்திருப்பது அந்த எழுத்துக்காகத்தான் போலும். புத்திக்காக இருக்காது.

கோபிக்காதே ராசா. உன்னை ஏசிவிட்டு அடுப்படியில் போய் இருந்து யோசித்தபோது, அந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே விளங்கிவிட்டது. என்னிடமிருந்துதான் வந்தது. என் வலது கை தோளுக்கு மேலே ஏன் எழும்புவதில்லை என்று நீ சின்னனில் கேட்டபோது, கிணற்றடியில் தண்ணீர் இறைக்கையில் துலா அடித்தது என்று சொன்னவள் நான். வளர்ந்த பிறகு, கொழும்பில் ஒரு கட்டி வெட்டியது என்று பாதியைச் சொன்னேன். நீ பெண் வீட்டாருக்கு அந்தப் பழைய துலாக் கதையையே சொல்லியிருக்கிறாய். சொல்லித் தந்தவளே குறை பிடிக்கலாமா என்று நீ கேட்கக்கூடும். பிடிக்கலாம். அந்தக் கதையின் மிச்சம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஐயாவுக்கும் தெரியும், ஆனால் அவர் சொல்லமாட்டார்.

உனக்கு அப்போது பத்து வயது. ஐயாவின் ஒரே தங்கை, தங்கம் மாமிக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. மாசி மாதத்தில் ஒரு நாள் காலை அம்மியில் கறிக்கூட்டு அரைத்துவிட்டு நோகுதே என்று வலது மேற்கையைத் தடவினேன். உள்பக்கத்தில், சதைக்குள்ளே, புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது. அரைத்த நோவு மத்தியானத்துக்குள் போய்விட்டது. அந்தக் கட்டி நோகவேயில்லை. நோகாததுதான் என்னைக் கெடுத்தது. நொந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியுந்தானே. பங்குனியில் அது கொஞ்சம் பெருத்தது. அப்போது ஐயாவிடம் காட்டினேன். "நகரத்து டொக்டரிட்டைக் காட்டுவம்" என்று அவர் சொன்னார். அன்றைக்கே சொன்னார், இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். நான்தான் மாட்டேன் என்றேன். "தங்கத்தின்ரை அலுவல் முடியட்டும். அண்ணன் பெண்சாதிக்குக் கழலையாம், ஆஸ்பத்திரியாம் எண்டு கதை கிளம்பினால் வாற மாப்பிள்ளை வீட்டார் அப்பிடியே திரும்பிப் போவினம்" என்றேன். தங்கம் எனக்கு இரத்த உறவுகூட இல்லை. இருந்தாலும் ஊர் அதையெல்லாம் பார்க்காது, வீட்டுக்குள் வருத்தம் என்று ஒரு சொல் விழுந்தால் போதும். உன் அத்தனை பயமும் எனக்கும் இருந்தது. அதனால்தான் உன்மேல் முழுக்கக் கோபிக்க முடியவில்லை.

ஐயா என் சொல்லைக் கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. டொக்டர் இல்லையென்றால் கைமருந்தாவது செய்வோம் என்று நோவெண்ணெய் காய்ச்சுவித்துக்கொண்டு வந்து, பின்னேரங்களில் தோட்டத்தால் வந்து குளித்ததும் என் கையை மடியில் வைத்து உருவிவிடுவார். "பிடிப்புத்தான். உருவ உருவக் கரையும்" என்பார். புகையிலைக் கறை பிடித்த, மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை அது. ஆனாலும் அவ்வளவு பக்குவமாக உருவுவார். தங்கத்தின் கலியாணம் வருமட்டும் அந்த ஆறு மாதமும், சொன்னால் சிரிப்பாய், எனக்குப் பின்னேரம் எப்போது வருமென்று இருக்கும். கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. கட்டி மாத்திரம் கரையவில்லை.

தங்கம் மாமியின் கலியாணத்துக்கு நான் முழங்கை வரை சுருக்கு வைத்த பொம்மல் கைச் சட்டை தைத்துப் போட்டேன். கட்டியை மறைக்க வேறு வழி இருக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், புதுப் பாஷன் போட்டு வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஐப்பசி பிறக்கமுன் எங்கள் ஒழுங்கையில் மூன்று பேர் அதே கையை வைத்துத் தைத்துவிட்டார்கள். இப்போதும் யாராவது அந்த மாதிரிச் சட்டையோடு கோயிலுக்கு வந்தால் எனக்குச் சிரிப்பும் வரும், இடது கையும் தானாக அந்தத் தழும்புக்குப் போகும். அன்றைக்கு மணவறையில் தங்கத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்தபோது, சட்டைக்குள்ளே அது சின்ன எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டிருந்தது.

கலியாணத்தின் நாலாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் நகரத்து டொக்டரிடம் போனோம். பார்த்தார், அமத்திப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "தோளடியோடை முழுக்கையையும் எடுக்கவேணும். சுணங்கினால் ஆளையும் காப்பாற்றேலாது" என்றார். வண்டிலில் திரும்பி வந்தோம். சந்தி தாண்டின பிறகு ஐயா திடீரென்று, "கை இல்லாட்டி என்ன, நான் சமைச்சுத் தாறன்" என்றார். அடுப்பு எந்த மூலையில் இருக்கிறதென்று தெரியாத மனுஷன்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, பிறகு அது அழுகையாகிவிட்டது. வண்டில்காரர் திரும்பியே பார்க்கவில்லை, நல்ல மனுஷன்.

ஆனால் அந்த நகரத்து டொக்டரே மறுநாள் ஆள் அனுப்பி, கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் சீமையில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் டொக்டர் இருக்கிறார், வெட்டமுன் அவரிடமும் ஒருதரம் காட்டுங்கள் என்று கடிதம் கொடுத்துவிட்டார். உன்னைத் தங்கம் வீட்டில் விட்டுவிட்டுச் சுன்னாகம் ஸ்டேஷனில் கோச்சி ஏறினோம். புகையிலை நாற்றுப் போடுகிற நேரம், தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஐயா வந்தார். அந்த டொக்டர் எங்கள் பகுதி ஆள், எங்கள் தமிழிலேயே கதைத்தார். எப்போது தொடங்கினது என்று கேட்டார். "ஒரு இரண்டு மாசம் இருக்கும்" என்றேன் நான். பார், அங்கேயும் என் வாய்க்குப் பொய்தான் வந்தது. பக்கத்தில் நின்ற ஐயா, "இல்லை டொக்டர், மாசியிலை இருந்து. நான் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு வந்தனான்" என்றார்.

"உருவினனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார். பிறகு மெல்ல, "உப்பிடியான கட்டியை உருவக்கூடாது ஐயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஏசவில்லை. ஐயா தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் எண்ணெய்ப் போத்தலைத் தொட்டதில்லை. தீபாவளிக்கு உன் தலையில் எண்ணெய் வைக்கச் சொன்னால் தோட்டத்துக்குப் போய்விடுவாரே, அது செருக்கு என்று நீ ஒருமுறை கோபித்தாய். அது செருக்கில்லை மகனே.

டொக்டர் எங்களை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். சதைக்குள் வருகிற புற்று இது. "கட்டியை மட்டும் வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத வேர் மிஞ்சி, திரும்ப முளைக்கும். கையை எடுத்தால் வேரும் போகும், கையும் போகும். மூண்டாவது வழி ஒண்டு இருக்கு. கட்டியைச் சுற்றியிருக்கிற சதையோடை வெட்டி எடுத்துப்போட்டு, அந்த இடத்திலை ரேடியம் ஊசி அடுக்குவன். ஒரு கிழமை உள்ளுக்குக் கிடந்து மிச்ச வேரை எரிக்கும். பிறகு இழுத்து எடுப்பன். ஆனால் திரும்ப வராது எண்டு சத்தியம் பண்ண மாட்டன்." நான் கேட்டேன், "அந்தக் கையாலை சோத்துப்பானை இறக்கலாமோ?" அவர் சிரித்தார். "அடுப்பிலை இருந்து இறக்கலாம். உறியிலை இருந்து இறக்கேலாது" என்றார். அப்படியென்றால் சரி என்றேன். இன்னொன்றும் சொன்னார்: "புளியங்கொட்டை அளவிலை வந்திருந்தால் இவ்வளவு சதை எடுக்கத் தேவை வந்திராது." அந்த ஒரு வசனத்தை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன்.

மயக்கம் தெளிந்து பார்த்தபோது கையில் பெரிய கட்டு. காயத்தின் ஓரத்தால் கறுத்தப் பட்டு நூல்கள் வெளியே வந்து, தோலோடு ஒட்டியிருந்தன. ஒவ்வொரு நூலின் உள் முனையிலும் ஒரு ஊசி, எல்லாமாக ஒன்பது. என்னைத் தனி அறையில் விட்டிருந்தார்கள். நேர்ஸ் மிஸி வருவாள், நூலை எண்ணுவாள், செய்யவேண்டியதைக் கெதியாகச் செய்துவிட்டு ஓடிவிடுவாள். அந்த ஊசி வருத்தக்காரருக்கு மருந்து, சும்மா கிட்ட நிற்பவர்களுக்குக் கெடுதலாம். கதவடியில் நிலத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறியிருந்தது. பார்க்க வருபவர்கள் அதைத் தாண்டக்கூடாது, ஒருமுறைக்குக் கால் மணித்தியாலத்துக்குமேல் நிற்கவும் கூடாது.

ஐயா அதைத் தன் பாட்டில் துடக்கு என்று விளங்கிக்கொண்டார். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் நிற்பதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். "இதிலை நிண்டுபோட்டுப் போனால் முழுகவேணுமோ?" என்று மிஸியிடம் கேட்டார். அவளுக்குத் தமிழ் அரைகுறை. "முழுக வேணாம், முழுக வேணாம், தூர நிண்டாச் சரி" என்றாள். அப்படியிருந்தும் தங்கியிருந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் முழுகியிருக்கிறார். ஏழாம் நாள் தடிமன் பிடித்துத் தும்மிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அது தெரியும்.

அந்த ஏழு நாளைப்போல ஏழு நாள் என் சீவியத்தில் வேறு இல்லை. வேதனை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஐயா கதைத்தார்! வீட்டில் "ஓம்", "ம்", "தண்ணி தாரும்" என்பதற்குமேல் கதையாத மனுஷன், கோட்டுக்கு அப்பால் நின்றபடி எனக்குக் கேட்கவேண்டுமென்று உரத்துக் கதைத்தார். முதல் நாள் தோட்டத்தைப் பற்றிக் கதைத்தார். இரண்டாம் நாள் மாடுகளைப் பற்றி. மூன்றாம் நாள் கதை முடிந்துவிட்டது. சால்வையை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டு, "இஞ்சரும், உம்மைப் பெண் பார்க்க வரமுன்னமே நான் உம்மைக் கண்டனான் தெரியுமோ?" என்றார். என் தகப்பனாரின் காணிக்குப் பசளைக் குழை இறக்க வண்டிலில் வந்தாராம். நான் வேலிக்கு மேலால் ஓர் ஆட்டை ஏசிக்கொண்டு நின்றேனாம். "ஆட்டுக்கு நீர் விட்ட ஏச்சிலை எனக்கு விளங்கிச்சு, இந்தப் பெட்டையைக் கட்டினால் நான் வாய் திறக்கத் தேவையில்லை எண்டு. எனக்கு அது பிடிச்சிருந்தது." பன்னிரண்டு வருஷம் அதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார் பார்! ஆஸ்பத்திரிக் கட்டிலில், தூக்க முடியாத கையோடு, நான் புதுப்பெண்ணைப்போல வெட்கப்பட்டேன். மிஸி எட்டிப் பார்த்து, காய்ச்சலோ என்று கேட்டாள்.

ஒவ்வொரு காலையும் வந்து நின்றவுடன் அவர் கேட்கிற முதற் கேள்வி, "ஒன்பதும் இருக்கோ?" என்பதுதான். நான் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஓம், இருக்கு" என்பேன். ஐந்தாம் நாள் எண்ணினேன், எட்டு. திரும்ப எண்ணினேன், எட்டுத்தான். "இஞ்சருங்கோ, ஒண்டைக் காணேல்லை" என்றேன். ஊசி ஒன்று விழுந்தால் அந்த இடத்து வேர் எரியாமல் மிஞ்சும் என்று டொக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தார். ஐயா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த கணம் கோட்டைத் தாண்டிக் கட்டிலடியில் நின்றார். விரிப்பை உதறுகிறார், தலையணையைத் தூக்குகிறார், முழங்காலில் இருந்து கட்டிலின் கீழே தேடுகிறார். "வெளியிலை போங்கோ, உங்களுக்குக் கெடுதல்" என்று நான் கத்தக் கத்தக் கேட்கவில்லை. மிஸி நீண்ட குறட்டோடு ஓடிவந்து அவருக்குப் போட்ட ஏச்சு இருக்கிறதே, நான் ஆட்டுக்கு ஏசியது அதற்குக் கிட்டவும் வராது. கடைசியில் பார்த்தால் நூல் கட்டுச் சீலையின் மடிப்புக்குள் போய் ஒளிந்திருந்தது. ஊசி இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. ஐயா திரும்பக் கோட்டுக்கு அப்பால் போய் நின்று, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒன்பதும் இருக்கோ?" என்றார்.

எட்டாம் நாள் டொக்டர் ஊசிகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார், நானே எண்ணினேன். பிறகு தோல் வெந்து உரிந்தது, சதை இறுகியது, கை தோளுக்கு மேலே எழும்பாமலே நின்றுவிட்டது. உறியில் இருப்பதை நீதான் இறக்கித் தருவாய். ஆனால் அந்தக் கையால் பன்னிரண்டு வருஷம் சமைத்தேன், தைத்தேன், உன்னைக் குளிப்பாட்டினேன், தேவையானபோது இரண்டு அடியும் போட்டேன். நான் கோயிலாலோ சந்தையாலோ வந்து படலை திறக்கும்போதெல்லாம் ஐயா, "ஒன்பதும் இருக்கோ?" என்பார், நான் "இருக்கு" என்பேன். நீ அதைப் போளை விளையாட்டு என்று நினைத்து, உன் கண்ணாடிப் போளைகளை எண்ணிக்கொண்டு வந்து காட்டுவாய். நாங்கள் சிரிப்போம், உனக்குக் காரணம் சொன்னதில்லை. சொல்லியிருக்கவேண்டும். பிள்ளைக்குப் பயம் வேண்டாமென்று மறைத்தோம், நீ மறைப்பதையே பழகிவிட்டாய்.

இனி இந்த முறை. பழைய காயத்தின் மேல் முனையில், பாசிப்பயறு அளவில் ஒன்று. கண்ட அன்றைக்கே ஐயாவிடம் காட்டினேன். கொழும்பு டொக்டருக்கு எழுதினோம், உடனே வரச்சொல்லிப் பதில் வந்துவிட்டது. திரும்ப ஊசி வைப்பாரோ, இந்த முறை கையையே எடுப்பாரோ தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, உனக்கு அதையும் மறைக்கவில்லை. ஆனால் பயறு எலுமிச்சங்காயாகுமட்டும் நான் இன்னொருமுறை பொம்மல் கைச் சட்டை போட்டுக்கொண்டு மணவறையடியில் நிற்கமாட்டேன். உனக்காகவும் மாட்டேன்.

ஆகவே நேற்று நாங்கள் கரவெட்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டோம். எல்லாவற்றையும் சொன்னேன். பெண்ணின் தகப்பனார் முகட்டைப் பார்த்தார். தாயார் வெற்றிலைத் தட்டை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். அப்போது உள்ளே இருந்து பூரணம் வந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளையல்லவா, நேரே பார்த்துத்தான் கதைக்கிறாள். "மாமி, அவருக்கு இது தெரியுமோ?" என்றாள். ஓம் என்றேன். "தெரிஞ்சுகொண்டே உங்களைப் பொறுக்கச் சொன்னவரோ?" என்றாள். உன்னைக் காப்பாற்ற ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, ஓம் பிள்ளை என்றேன். அவள் வெற்றிலைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கிட்ட வந்து, சட்டைக் கையை மெல்ல உயர்த்தி அந்தக் காயத்தைப் பார்த்தாள். "நீங்கள் முதலிலை கொழும்புக்குப் போட்டு வாங்கோ மாமி. கலியாண நாளைத் தையிலை வைக்கலாம். ஆனால் அவர் எனக்குத் தன்ரை கையாலை ஒரு கடிதம் எழுதவேணும். துலாக் கதை இல்லாத கடிதம்" என்றாள். தகப்பனார் அதை மறுக்கவில்லை. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது, இடது கையால் பிடித்தேன்.

எழுது. பயத்தையும் எழுது, வெட்கத்தையும் எழுது. நானும் ஐயாவும் கதைப்பதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு கோடு கீறவேண்டி வந்தது, உங்களுக்கு அது வேண்டாம். தையில் உன் தலையில் பாலும் அறுகும் வைக்க இரண்டு கை வேண்டுமென்பது வழக்கம். ஒரு கைதான் மிஞ்சினால் ஒரு கையால் வைப்பேன். நீ கொஞ்சம் குனிந்து இரு.

வெள்ளிக்கிழமை காலைக் கோச்சியில் வருகிறோம். கோட்டை ஸ்டேஷனில் வந்து நில். பெட்டியை ஐயாவிடமிருந்து நீ வாங்கிக்கொள், அவருக்கும் வயது போய்விட்டது. இன்னொரு காரியமும் இருக்கிறது. அந்தப் பயறைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து ஐயா படலையடியில் நின்று என்னை அந்தக் கேள்வி கேட்பதில்லை. வாயைத் திறக்கிறார், பிறகு மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறார். அந்தக் கேள்வி காதில் விழாமல் எனக்கு ஆஸ்பத்திரிக்குள் போக ஏலாது மகனே. ஆகையால் கோச்சியால் நான் இறங்கும்போது, அவருக்கும் கேட்கிறமாதிரி, நீ கேள்.

உன் அம்மா